மடுல்சீமையின் இலைத்துரு முதல் பண்டாரவளைக் குருமடம் வரை: ஊவாவில் கிறிஸ்தவ உயர்கல்வியும் அறிவியலும்

மதமும் அறிவியலும் என்றைக்கும் மோதிக்கொண்டே வந்திருக்கின்றன என்னும் எண்ணம் இன்று பொதுப்புத்தியில் ஊறிப்போயிருந்தாலும், அதற்கு வயது ஏறக்குறைய நூற்றைம்பதுதான். ஜோன் வில்லியம் டிரேப்பர் 1874இலும், கோர்னெல் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரான ஆண்ட்ரூ டிக்சன் வைட் 1896இலும் வெளியிட்ட இரு நூல்களே அவ்வெண்ணத்தை உலகெங்கும் கொண்டுசென்றன. அறிவியல் வரலாற்றாளர்கள் இதனை 'மோதல் கோட்பாடு' என்று குறிப்பிட்டு, அது வரலாற்றுச் சான்றுகளுக்கு முன் நிற்கவில்லை என்று பெரும்பாலும் ஒதுக்கிவிட்டனர். பௌதிகவியலாளரும் இறையியலாளருமான இயன் பார்பர் இவ்வுறவை முரண், தனித்தனி வழி, உரையாடல், ஒருங்கிணைவு என நான்காக வகுத்தது, இன்று கிறிஸ்தவக் கல்லூரிகள் பலவற்றில் பாடமாகவே வைக்கப்படுகிறது. ஆனால் இவ்வகுப்பு முழுவதும் ஏற்கெனவே கல்வி பெற்றுவிட்ட ஒருவரின் மனத்துக்குள் நடக்கும் வழக்காகவே விஷயத்தைப் பார்க்கிறது. பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளை, பண்டாரவளை என விரியும் ஊவாவின் மலைச்சரிவுகளில் அந்த வழக்கு வேறு மன்றத்தில் நடந்தது. திருச்சபையும் அறிவியலும் அங்கே பகைத்துக்கொண்டதாகச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டும் பெரும்பாலும் கைகோத்தே வந்தன. அவ்விரண்டின் பலன் லயத்தில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளருக்கு எந்த அளவில், எந்த மொழியில் கிடைத்தது என்பதே அங்கு ஆராய வேண்டிய செய்தி.

ஒப்பீட்டுக்கு யாழ்ப்பாணத்தை எடுத்துக்கொள்வது பொருத்தமாகும். அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினறி, தமிழ் மாணவருக்கு ஆங்கிலம், தமிழ், சமஸ்கிருதம் ஆகியவற்றோடு கணிதம், வானியல், பௌதிகம் ஆகியவற்றையும் கற்பித்த உயர்கல்வி நிலையமாகும். அதன் முதல் அதிபர் டானியல் பூவர், 1829 மார்ச்சில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைப் பற்றிப் பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரியார் கணித்திருந்த நேரமும் மறைப்பின் அளவும் தவறென்று முன்கூட்டியே அறிவித்து, கிரகண இரவில் தம் கணக்கே சரியென்று காட்டினார். மிஷனரிமார் இதைப் புராணங்களின் தோல்வியாகவே பறைசாற்றினர். ஆயினும் அந்த முடிவு அவசரப்பட்டதே: பஞ்சாங்கக் கணிதர் இராகு விழுங்குவதைக் கொண்டு நேரம் குறிக்கவில்லை, சித்தாந்தங்கள் எனப்படும் வானியல் நூல்கள் தந்த வாய்ப்பாடுகளைக் கொண்டே குறித்தார், தவறியது நெடுங்காலம் திருத்தப்படாத சில எண்களே ஒழிய நம்பிக்கை அன்று. பூவருக்குப் பின் அதிபரான ஹென்றி ஹொய்சிங்டன் இதை உணர்ந்திருக்க வேண்டும். 'உள்ளமுடையான்' என்னும் தமிழ் வானநூலை ஆழ்ந்து கற்று, அதனை மொழிபெயர்த்து, விளக்கத்துடன் 1848இல் அச்சிட்டவர் அவரே. மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கப் பாடநூல்களை மொழிபெயர்த்ததும் இதே மரபின் நீட்சியாகும். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் உருவாக்கிய முதல் பட்டதாரிகளான கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்களே. மதமாற்றக் கருவியாகக் கொணரப்பட்ட அறிவியல், பெற்றுக்கொண்டவர் கையில் வேறு வேலைகளுக்கும் பயன்பட்டது. தாமோதரம்பிள்ளை பிற்காலத்தில் சைவராகவே நின்று பழந்தமிழ் ஏடுகளைப் பதிப்பித்தார்.

இந்தச் செமினறி 1855இல் மூடப்பட்டது. அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன், மிஷன்களின் பணி ஆங்கில உயர்கல்வி தருவதன்று, தாய்மொழியில் எளிய கல்வி தந்து உள்ளூர்ச் சபைகளை எழுப்புவதே என்று வலியுறுத்தியதன் விளைவு அது. மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களில் வேலைசெய்த தமிழரிடையே ஆங்கிலிக்கத் திருச்சபையின் சி. எம். எஸ். சங்கம், 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற பெயரில் பணி தொடங்கியதும் 1854-55 காலத்திலேதான். இரண்டும் வெவ்வேறு சங்கங்கள், ஒன்றின் முடிவு மற்றதைக் கட்டுப்படுத்தவில்லை; ஆனால் இரண்டும் ஒரே காலத்தின் சிந்தனையைச் சுவாசித்தன. தொலைநோக்கி வைத்து வான்கணிதம் கற்பித்த மிஷன் காலம் வடக்கே முடிந்துகொண்டிருக்கையில், மலைநாட்டுத் தமிழருக்கான மிஷன் காலம் எழுத்தறிவோடும் ஞானோபதேசத்தோடும் நிறுத்திக்கொள்ளும் இலக்கோடு தொடங்கியது என்பதைக் கவனிக்காமல், ஊவாவின் கல்வி வரலாற்றை விளங்கிக்கொள்ள முடியாது.

அந்த மிஷனின் முதுகெலும்பாக இருந்தவர்கள் திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள். அவர்கள் தோட்டந்தோட்டமாக நடந்து, வேலை முடிந்து வந்தவர்களைக் கூட்டி, வேதம் வாசித்து, சிறுவருக்கு அரிச்சுவடி கற்பித்தனர். செலவில் ஒரு பகுதியைத் தோட்டத் துரைமார் கொடுத்தனர். பணம் கொடுத்தவருக்குத் தேவைப்பட்டது ஒழுங்கான தொழிலாளி; கணிதமும் தாவரவியலும் அறிந்த தொழிலாளி எவருக்கும் தேவைப்படவில்லை. பின்னர், 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைக் கட்டளைச் சட்டம், தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகங்கள் மீது சுமத்தியபோதும், சட்டம் குறித்தது பத்து வயது வரையிலான கல்வியையே. ஓர் ஆசிரியர், ஓர் அறை, பல வகுப்புகள் என்ற நிலையே பல தோட்டங்களில் நீடித்தது. கொழுந்து எடுக்கும் வயது வந்ததும் பிள்ளை பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் திரட்டும் இடத்துக்கு, போனது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான்.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கையில், உலக அறிவியல் வரலாற்றில் இடம்பெற்ற நிகழ்ச்சி ஒன்று பதுளைக்குக் கிழக்கே நடந்தது. 1869இல் மடுல்சீமைப் பகுதியிலுள்ள ஒரு கோப்பித் தோட்டத்தில், இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படிவது முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது. விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் அத்தூள் இரும்புத் துருவைப் போன்றிருந்தது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸ் மாதிரி இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, அவற்றைச் சோதித்து, இது அறிவியல் இதுவரை அறியாத ஒரு பூஞ்சை என்று கண்டு 'ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்' எனப் பெயரிட்டவர்கள் மைல்ஸ் ஜோசப் பேர்க்லியும் அவருடைய துணைவர் புரூமும் ஆவர். பேர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். ஒரு கிராமத்துப் பங்குக் குரு. ஞாயிறு பிரசங்கத்துக்கும் மரண ஆராதனைக்கும் இடையே நுண்நோக்கியில் பூஞ்சைகளை ஆராய்ந்து, பிரித்தானியப் பூஞ்சையியலின் தந்தை எனப் போற்றப்படும் நிலைக்கு உயர்ந்தவர்.

இம்மனிதரின் முந்தைய வரலாறு மோதல் கோட்பாட்டுக்கு நல்ல மறுப்பாகும். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் தொடங்கியபோது, அதைத் தெய்வ தண்டனை என்றோர் பலர் இருந்தனர். தாவரவியலாளர் ஜோன் லிண்ட்லி போன்ற அறிஞரோ மிகை ஈரத்தால் செடி அழுகுவதாகவும், அழுகலின்மேல் வளர்வதே பூஞ்சை எனவும் வாதிட்டனர். பூஞ்சையே நோய்க்குக் காரணம், அழுகல் அதன் விளைவு என்று 1846இல் எழுதி, தம் காலத்துப் பெரும்பான்மைக் கருத்துக்கு எதிராக நின்றவர் இந்தக் குருவானவர். பின்வந்த ஆய்வுகள் அவர் பக்கமே தீர்த்தன.

பேர்க்லி படித்தது கேம்பிரிட்ஜிலுள்ள கிறைஸ்ட்ஸ் கல்லூரியில். படைப்பின் ஒழுங்கிலிருந்து படைத்தவனை அறியலாம் என்னும் 'இயற்கை இறையியல்' நெறியைத் தம் 1802ஆம் ஆண்டு நூலால் பரப்பிய வில்லியம் பேலியும், அந்நெறியின் அடித்தளத்தையே அசைத்த சார்ள்ஸ் டார்வினும் அதே கல்லூரியினர். டார்வின் பீகிள் பயணத்தில் சேகரித்த பூஞ்சைகளை வகைப்படுத்தியவரும் பேர்க்லிதான். பேர்க்லி பட்டம் பெற்ற காலத்தில், இங்கிலாந்துத் திருச்சபையின் உறுப்பினர் என்று அறிவிக்காத எவரும் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற இயலாது. 1856இலும் 1871இலும் வந்த சட்டங்கள் இத்தடைகளை நீக்கிய பின், அதே கல்லூரியிலிருந்து வெளிவந்த இளைஞர் ஹரி மார்ஷல் வார்ட், 1880இல் கோப்பி நோயை ஆராய்வதற்கென்றே இலங்கைக்கு அனுப்பப்பட்டார். பசை பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, பூஞ்சையின் வித்திகள், அதாவது அது பரவும் நுண்தூள், காற்றில் பறந்து வருவதை அவர் காட்டினார். இலைமேல் தங்கும் நீர்த்துளியில் அவ்வித்தி முளைத்து, இலையின் அடிப்புறத்து நுண்துளைகள் வழியே உள்ளே புகுந்து, இலையை உதிரச்செய்யும் போக்கு முழுவதையும் விளக்கினார். மலைமலையாக ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டதே நோய்க்கு விருந்து வைத்தது என்ற அவர் முடிவு, மருந்தை எதிர்பார்த்திருந்த துரைமாருக்குச் சுவைக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் கோப்பி அழிந்து, தேயிலை வந்தது.

பட்டம் பெறத் திருச்சபை உறுப்புரிமை தேவைப்பட்ட காலத்து மாணவர் ஒருவரும், தேவைப்படாத காலத்து மாணவர் ஒருவரும் ஒரே பூஞ்சையை ஆராய்ந்தனர். முன்னவர் கண்டதைப் பின்னவர் தொடர்ந்தார், நம்பிக்கையின் நிபந்தனை போனதால் அறிவியலின் வழி மாறவில்லை. ஆனால் மடுல்சீமையில் அந்த இலையைக் கையால் தொட்டவர், கோப்பிச் செடியை ஆண்டு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தவர், தமிழ்த் தொழிலாளி. இலை சிபர்டோஃப்ட் என்னும் ஆங்கிலக் கிராமத்துப் பங்கு வீட்டுக்குப் போய் லத்தீன் பெயரோடு அச்சேறியது. விளக்கம் துரையின் மேசைக்கு ஆங்கில அறிக்கையாகத் திரும்பியது. லயத்துக்கு வந்தது நிலுவைக் கூலியும் வேலையிழப்பும் மட்டுமே. மாலையில் கூட்டம் நடத்திய உபதேசியார் சார்ந்த அதே திருச்சபையின் குருவானவர்தான் நோயின் காரணத்துக்குப் பெயரிட்டவர் என்றாலும், அந்த அறிவு அந்த மாலைக் கூட்டத்துக்குள் நுழைவதற்கான வாசலே கட்டப்பட்டிருக்கவில்லை. வட்டுக்கோட்டையைப் போல ஒரு செமினறி பதுளையில் இருந்திருந்தால், துருவின் கதை தமிழ்ப் பாடநூலில் ஏறியிருக்கும் என்று கருத இடமுண்டு.

விளக்கம் வராத இடத்தில் வேறு விளக்கங்கள் குடியேறுவது இயல்பு. பதுளையின் உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் தோமஸ் வில்லியம் றோஜர்ஸ், ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று எமர்சன் டெனன்ட் எழுதுகிறார். 1845இல் அவர் அப்புத்தளையில் இடிவிழுந்து இறந்தார். நண்பர்கள் அவர் நினைவாகப் பதுளையில் புனித மாற்கு தேவாலயத்தை எழுப்பினர். ஊர்மக்களோ அது யானைகளின் சாபம் என்றனர், நுவரெலியாவில் உள்ள அவர் கல்லறையிலும் இடி விழுந்ததாகக் கதை வளர்ந்தது. மலைமுகட்டில், மழைக்கால மாலையில், வெளியில் நிற்பவர்மேல் மின்னல் இறங்குவதற்குப் பௌதிகம் போதும். ஆனால் ஆயிரத்து நானூறு யானைகளுக்குக் கணக்குக் கேட்கும் நியாய உணர்வைப் பௌதிகம் தராது, அந்தத் தேவாலயத்தின் நினைவுக் கல்லும் தரவில்லை. சாபக் கதை அந்த வெற்றிடத்தைத்தான் நிரப்பியது.

தோட்டத்து மக்களின் சமய உலகம் மாரியம்மனையும் மாடசாமியையும் முனியையும் சூழ்ந்தது. அம்மை நோய் அம்மனின் வருகையாகவே கொள்ளப்பட்டது. நவீன மருத்துவம் அவர்களிடம் வந்த விதம் வேறு. இந்தியாவிலிருந்து வந்தோரை மண்டபம் முகாமில் தடுத்து வைத்து அம்மைப்பால் குத்துவதாகவும், 1916இல் மாத்தளையில் தொடங்கிய றொக்பெல்லர் அறக்கட்டளையின் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தில் வரிசையில் நிறுத்தி மருந்து குடிக்க வைப்பதாகவும் அது வந்தது. அந்த அறக்கட்டளையின் மூளையாக இருந்த பிரெடரிக் கேட்ஸ் முன்னர் பாப்திஸ்து போதகராக இருந்தவர் என்பதும், அமெரிக்கப் புரட்டஸ்தாந்தச் சமயத்தின் தொண்டு வேகம் பொதுச் சுகாதாரமாக உருமாறியதற்கு அவரே சான்று என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கன. கொக்கிப்புழு மருந்தால் இரத்தச்சோகை குறைந்தது உண்மை. ஆயினும் புழு எப்படிக் கால்தோல் வழியே ஏறுகிறது என்று தெரிந்துகொண்டு மலகூடம் கேட்ட தொழிலாளியை விட, மருந்துக்காரர் சொன்னதால் வாயைத் திறந்த தொழிலாளியே அவ்வியக்கத்துக்கு வசதியாக இருந்தார்.

மலைநாட்டில் கிறிஸ்தவ உயர்கல்வி இல்லாமலில்லை. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1893இல் கண்டியில் நிறுவிய பாப்பிறைக் குருமடம், 1955இல் பூனாவுக்கு மாறும்வரை இந்தியத் துணைக்கண்டம் முழுவதற்கும் குருக்களை உருவாக்கியது. ஊவாவில், வெலிமடைக்கு அருகே குருத்தலாவையில், புனித தோமையார் கல்லூரி 1942இல் ஒரு கிளையை ஒக்ஸ்ஃபோர்டில் பயின்ற ஹேமனின் தலைமையில் தொடங்கி, அறிவியல் கல்விக்கு நற்பெயர் பெற்றது. ஆனால் அது கட்டணம் செலுத்தக்கூடியோருக்கான ஆங்கில விடுதிப் பாடசாலை. பட்டம் வழங்கும் உரிமை 1942இல் உருவான இலங்கைப் பல்கலைக்கழகத்துக்கே உரியதாகியதால், தமிழ்நாட்டில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியோ மதுரை அமெரிக்கன் கல்லூரியோ வகித்த இடத்தை இலங்கையில் எந்தத் திருச்சபைக் கல்லூரியும் பெறவில்லை. குருமடங்களே எஞ்சின.

அவற்றுள் ஊவாவில் பிறந்த ஒன்று கவனத்துக்குரியது. 1972இல் பதுளை, மொனராகலை மாவட்டங்களுக்கென்று பதுளை மறைமாவட்டம் அமைந்தபோது, கண்டியின் ஆயராயிருந்த லியோ நாணயக்கார, வசதியும் மதிப்பும் மிக்க அந்தப் பதவியை விட்டு இந்தச் சிறிய, வறிய மறைமாவட்டத்தைக் கேட்டுப் பெற்றுக்கொண்டார். அவர் 1970களின் நடுப்பகுதியில் பண்டாரவளையில் தொடங்கிய 'சேவக செவண' குருமடம், ஐரோப்பியப் பாடத்திட்டத்தை மனனம் செய்வதை விட்டு, மக்களிடையே வாழ்ந்து அங்கிருந்து எழும் கேள்விகளோடு இறையியலுக்குத் திரும்பும் முறையை முயன்று பார்த்தது. அதன் ஆசிரியர்களுள் ஒருவர் அமலமரித் தியாகிகள் சபையின் மைக்கல் ரொட்ரிகோ. உரோமிலும் பாரிசிலும் இரு கலாநிதிப் பட்டங்கள் பெற்று, அம்பிட்டியத் தேசியக் குருமடத்தில் நெடுங்காலம் கற்பித்தவர். பௌத்தத்தை ஆழ்ந்து கற்றவர். 1980இல் அவர் கீழ் ஊவாவின் புத்தல அருகேயுள்ள அலுகலவிட்ட என்னும் சிங்களப் பௌத்தக் கிராமத்துக்குச் சென்று, 'சுப செத் கெதர' என்ற சிறு இல்லத்தில் அருட்சகோதரியருடன் குடியேறினார்.

1817-18 கிளர்ச்சியை ஆங்கிலேயர் ஊவா வெல்லச முழுவதையும் எரித்து அடக்கிய நினைவு அப்பகுதியில் இருந்தது. கிறிஸ்தவக் குரு என்றால் மதம் மாற்ற வந்தவர் என்ற ஐயம் அதனோடு சேர்ந்திருந்தது. ரொட்ரிகோ எவரையும் மதம் மாற்ற முயலவில்லை. கிராமத்தாரிடமிருந்து மூலிகைகளின் பெயர்களையும் பயன்களையும் கேட்டறிந்து, மூலிகை மருத்துவத்தை மீட்கும் பணியில் அவர்களோடு ஈடுபட்டார். விலைகொடுத்து வாங்கும் இரசாயன உரமும் பூச்சிமருந்தும் விவசாயியைக் கடனில் தள்ளுவதைக் கேள்விக்குட்படுத்தினார். கரும்புச் செய்கைக்காக நிலம் இழந்தோர் பக்கம் நின்றார். 1869இல் இலை தோட்டத்திலிருந்து அறிஞரிடம் போயிற்று. இங்கே இரு கலாநிதிப் பட்டம் பெற்ற அறிஞர் இலையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளக் கிராமத்துக்கு வந்தார். 1987 நவம்பர் 10 அன்று, திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பண்டாரவளை முயற்சி லியோ நாணயக்கார 1982இல் மறைந்ததோடு முன்பே தன் காவலரை இழந்திருந்தது. இப்பணியின் எல்லையையும் சொல்லியாக வேண்டும்: ரொட்ரிகோ தேர்ந்தது கீழ் ஊவாவின் சிங்கள விவசாயியை, மேல் ஊவாவின் தமிழ்த் தோட்டத் தொழிலாளியின் அறிவை அதே பொறுமையோடு கேட்டறிந்த உயர்கல்வி முயற்சியாக இதற்கு இணைவைக்கத்தக்க ஒன்று எழவில்லை.

அண்மைக்கால நிகழ்ச்சிகள் அந்தக் குறையைக் கூர்மையாகக் காட்டுகின்றன. பதுளை மாவட்டத்தின் கிராந்துருக்கோட்டை உள்ளிட்ட உலர்வலயப் பகுதிகளில் காரணம் துலங்காத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவியபோது, களனிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஒருவர், விவசாய இரசாயனங்களில் உள்ள ஆர்சனிக்கே காரணமென்பது தெய்வத்தின் மூலம் தமக்குத் தெரியவந்ததாக 2011இல் பகிரங்கமாக அறிவித்தார். கருதுகோள் எங்கிருந்து வந்தாலும் அதைச் சோதனையே தீர்மானிக்க வேண்டும் என்பது அறிவியலின் எளிய விதி; கனவில் வந்த கருதுகோளும் சோதனையில் தேறலாம். ஆர்சனிக் ஒன்றே காரணம் என்பதோ சோதனையில் நிலைபெறவில்லை. ஆனால் நாட்டின் விவாதம் சோதனையை விட்டு, தெய்வ வாக்கை நம்புவதா நகைப்பதா என்பதிலேயே சுழன்றது. அந்நோயைக் காரணம் காட்டி 2015இல் களைகொல்லியான கிளைபோசேட் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்டது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியே ஒரே வர்த்தமானி அறிவித்தலால் நிறுத்தப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் கைவிடப்பட்டது.

ரொட்ரிகோவைச் சிலர் இந்த உரத் தடையின் முன்னோடியாகக் காணக்கூடும், அது பொருந்தாது. அவருடைய ஐயம் கிராமத்தாரின் கடன் கணக்கிலிருந்தும் வீட்டுத் தோட்டத்திலிருந்தும் எழுந்து மெல்ல நடந்தது; 2021இன் ஆணை கொழும்பிலிருந்து ஒரே இரவில் இறங்கியது, மண்ணியலாளரையும் கேட்கவில்லை, பயிரிடுவோரையும் கேட்கவில்லை. உரமில்லாத தேயிலையில் கொழுந்து குறைந்தது. நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று வகுக்கப்பட்ட அளவை எட்டாதவருக்கு 'அரைப்பேர்' போடும் வழக்கமுள்ள தோட்டங்களில், செடி மெலிந்ததன் விலையைக் கொழுந்தெடுக்கும் பெண்ணே செலுத்தினார். கோப்பிக் காலத்தில் அந்தப் பெண்ணின் முன்னோருக்குத் துருவைப் பற்றி எவரும் தமிழில் விளக்கவில்லை. இன்று பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளை இருக்கிறது, 2005இல் பதுளையில் தொடங்கப்பட்ட ஊவா வெல்லச பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது, பிலிமத்தலாவையில் 1963இலிருந்து இயங்கும் இலங்கை இறையியல் கல்லூரி மலைநாட்டுத் தமிழ்ச் சபைகளுக்கான போதகர்களைத் தமிழிலேயே பயிற்றுவிக்கிறது. மண்ணையும் உரத்தையும் நன்கறிந்த நிலையங்களுக்கும், லயத்துக்கு வாரந்தோறும் போய்வரும் போதகர்களை உருவாக்கும் கல்லூரிக்கும் இடையே பாடத்திட்ட அளவில் ஒரு தொடர்பை ஏற்படுத்துவதற்கு இறையியல் தடை ஏதும் இல்லை. பேர்க்லியின் பங்கு வீட்டில் அறிவியலும் இறையியலும் ஒரே மேசையில்தான் இருந்தன.